திண்ணனார் வேட்டையும் வில்லோர் அறமும்

தெய்வச் சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் அருளிச்செய்த திருத்தொண்டர் புராணத்துள், கண்ணப்ப நாயனார் புராணம் 180-க்கு மேற்பட்ட செய்யுட்களால் இயன்றது. அவற்றுள் ஒரு பெரும்பகுதி வேட்டையைப் பற்றியது. அப்பகுதியை ஓதுவாரும் விரித்துரைப்பாரும் பெரும்பாலும் விரைந்து கடந்து காளத்திமலையின் அடிவாரத்தை எய்திவிடுகின்றனர். கொல்லாமையை உயிரினும் ஓம்பும் சைவர்க்கு, வலையும் நாயும் குருதியும் நிறைந்த செய்யுட்கள் கூச்சம் விளைத்தல் இயல்பே. மற்றொரு சாரார் அப்பகுதியைக் கடவாது நின்று, "திண்ணனார் வேட்டையாடினார், ஊன் படைத்தார், இறைவன் ஏற்றருளினான், ஆகலின் வேட்டையும் ஊனும் எமக்கு இழுக்காவது யாங்ஙனம்?" என வினவுகின்றனர். முன்னையோர் நாணிக் கடந்தனர். பின்னையோர் துணிந்து பற்றினர். இருவரும் அப்பகுதியை ஊன்றிக் கற்றிலர் என்பதே எமது கருத்து. வில்லேந்தினான் ஒருவன் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் வரம்பு யாது, அவ்வரம்பு எதுகாறும் நிற்கும், எவ்விடத்து நில்லாது கழியும் என்னும் மூன்றும் அச்செய்யுட்களில் நுண்ணிதின் அமைந்துகிடத்தலை ஈண்டு ஆராய்வாம்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர்தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் தோன்றிய திண்ணனார், விற்பயிற்சி நிரம்பித் தந்தைக்குப்பின் தலைமை ஏற்றுக் கன்னிவேட்டைக்கு எழுகின்றார். தேவராட்டி வாழ்த்துகின்றாள். வலைகள் கட்டப்படுகின்றன, நாய்கள் விடப்படுகின்றன, காடு முழுதும் ஆரவாரம் எழுகின்றது. மானும் கரடியும் புலியும் பன்றியும் அம்பேற்று வீழ்கின்ற கடுமையை ஆசிரியர் ஒளியாது, சந்தமும் விரைந்தோடப் பாடிச்செல்கின்றார். அவ்வோட்டத்தின் நடுவே ஒரு செய்யுள் திடுமென நின்று வேறொன்றைப் பேசுகின்றது. துடிபோன்ற அடியும் மடிந்த செவியும் உடைய யானைக்கன்றை அவ்வேடர் பின்தொடர்ந்திலர். விலங்குகளின் சிறு குருளைகளைக் கொன்றிலர். கருவுற்று அடி தளர்ந்து நடக்கும் பிணைகளை வருத்திற்றிலர். எதிர்த்து வரும் கொடியனவற்றையோ முடுகிச் சென்று கொன்றனர். இதுவே அச்செய்யுளின் பொருள்.

இச்செய்யுளின் யாப்புறவைக் கருதுக. செய்யாதன மூன்றும் மூன்று எதிர்மறை முற்றுக்களால் அடுக்கப்பட்டன. செய்தது ஒன்றும் இறுதியடியில் வைக்கப்பட்டது. கொலையே தொழிலாகிய மறவர் எனக் கூறி முடிக்கும் ஆசிரியர், அவர் கொல்லாது விட்டனவற்றையே முற்படக் கணக்கிடுகின்றார். ஒருவன் ஒழுக்கத்தை அளத்தற்கு அவன் வீழ்த்தியவற்றின் தொகையைக் காட்டிலும், கைக்கு எட்டியும் விட்டவற்றின் தொகையே உரிய கருவியென்னும் நுட்பம் இவ்வைப்புமுறையால் பெறப்படும்.

அற்றேல், "கன்றையும் சினையையும் கொன்றால் அடுத்த ஆண்டு காட்டில் விலங்கின்றாகும், ஆகலின் இது வேட்டுவர்தம் பிழைப்பறிவே ஒழிய அருளன்று" எனின், கூறுதும். பிழைப்பறிவும் அதன்கண் உண்டென்பதை மறுத்தல் வேண்டா. ஆயினும் சேக்கிழார் இதற்கு முன்னரே ஒரு வித்து இட்டுவைத்தார். திண்ணனார் சிறுவராய் இருந்த காலத்து முயற்பறழும் பன்றிக்குருளையும் புலிக்குருளையும் செந்நாய்க்குட்டியும் ஓடித் தொடர்ந்து பற்றிக்கொணர்ந்து, முற்றத்துத் தறிகளிற் கட்டி வளர்த்தாரென முன்னர் ஒரு செய்யுள் கூறும். காட்டுக் குருளைகளைத் தம் முற்றத்தே வளர்த்த கை, பின்னர் வில்லேந்தியபோது குருளைகளைக் கண்டு ஒதுங்கிற்று. இவ்விரு செய்யுட்களையும் இணைத்து நோக்குவார்க்கு, அவ்வரம்பு நாளைய ஊனைக் கருதிய கணக்கு மட்டுமன்று என்பது புலனாம். அரசன் ஆணையோ நூல்விதியோ காவலரோ அக்காட்டில் இல்லை. காண்பாரில்லாத இடத்துத் தன்னை ஒருவன் தானே தடுத்துக்கொள்வது அது.

வில்லறம் என ஒன்று உண்டோவென ஐயுறுவார்க்குப் பிற நூல்வழக்கும் காட்டுவாம். புறநானூற்று 152-ஆம் பாட்டில் வன்பரணர், வல்வில் ஓரி விடுத்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்னும் ஐந்தனையும் ஊடுருவியதெனப் பாராட்டினார். அஃது அம்பின் ஆற்றலைப் பாடியது. அம்பை அடக்குதலைப் பாடியதன்று. அடக்காமையால் வந்த கேட்டை வடமொழி இதிகாசங்கள் பேசும். பாரதத்து ஆதிபருவத்தில், மானுருவிற் கூடியிருந்த முனிவனைப் பாண்டு அம்பால் எய்தான். மான்களைக் கொல்லுதல் அரசர்க்கு விலக்கன்றென அவன் வழக்கிட, வீழ்ந்த முனிவன், கொன்றமைக்காக யான் நின்னைப் பழித்திலேன், கூடுங்காலம் கழியுந்துணையும் பொறாமையே நின் பிழை என்னும் கருத்துப்பட விடையிறுத்தான். வேட்டை விலக்கோ அன்றோ என்பது ஒரு வினா. விலக்கன்றெனக் கொண்டவழியும் இந்த விலங்கை இந்த நொடியில் எய்யலாமோ என்பது மற்றொரு வினா. பாண்டு முன்னதற்கு மட்டும் விடை வைத்திருந்தான்.

தசரதன் செய்தியும் அத்தகையதே. சரயு நதிக்கரையில் இரவில், குடத்தில் நீர் புகும் ஒலியை யானையின் ஒலியெனக் கருதி ஒலிவழியே அம்பு விடுத்து முனிமகனைக் கொன்றான். காளிதாசர் இரகுவமிசத்து 9-ஆம் சருக்கத்தில் இதனைக் கூறுமுன் வேறொரு நிகழ்ச்சியை அமைத்தார். கலைமானுக்குக் குறிவைத்த தசரதன், அதன் பிணை இடையே வந்து மறைத்து நிற்கக் கண்டு இரங்கி, காதளவு இழுத்த நாணைத் தளர்த்தினான். கண்டபோது இரங்கிய கை, காணாதபோது பிழைத்தது. தான் எய்வது இன்னதென்று காணாது எய்தல் வில்லோர்க்குப் பெரும்பழி என்பது இதனாற் போதரும்.

சிவபெருமானே வேட்டுவக்கோலம் தாங்கி அருச்சுனனுக்குப் பாசுபதம் அருளிய வரலாற்றிலும், ஒரு பன்றியின்மேல் இருவர் அம்பும் தைத்தமையால் எவர் வேட்டை இதுவென வழக்கு எழுகின்றது. வனபருவத்தில் அருச்சுனன், நீ செய்தது வேட்டையறமன்று என வேட்டுவனை நோக்கிக் கூறுகின்றான். வேட்டைக்கும் ஓர் அறம் உண்டென்னும் வழக்கு தொன்றுதொட்டு வந்தமை இதனால் தெளியப்படும்.

இவ்வழக்கு நம் நாட்டளவில் அமைந்ததன்று. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், யாஹி என்னும் பழங்குடியில் எஞ்சிய ஒருவராகிய இஷி என்பார் 1911-இல் வெளியுலகிற்கு வந்து, 1916-இல் மறைந்தார். அவரிடம் விற்றொழில் பயின்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப் என்பார் 1923-இல் வில்வேட்டையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் பெயரையும் அவர் தோழர் ஆர்தர் யங் என்பார் பெயரையும் இணைத்து 1961-இல் அந்நாட்டு வில்வேட்டைக்காரர் ஒரு கழகம் அமைத்தனர். தப்பியோட இயலாத வேலிக்குள் அடைபட்டதையும், பொறியிலோ ஆழ்பனியிலோ நீரிலோ சிக்கி ஏலாது நிற்பதையும் எய்தல் நேர்மையன்று என்பது அக்கழகத்தார் விதி. மேலும், துப்பாக்கிக் குண்டின் தாக்குபோலாது அம்பு குருதியை வெளிப்படுத்தியே கொல்லுவது. ஆகலின் நெஞ்சகத்தில் தைக்குமாறு அணுகிச்சென்று எய்தலும், பிழைபட எய்யப்பட்டதைக் குருதிச்சுவடு பற்றித் தொடர்ந்து சென்று அதன் நோவை முடித்தலும் வில்லோன் கடன் என அவர் கருதுவர். உணவின்பொருட்டன்றி வெற்றியடையாளமாகக் கொம்பும் தலையும் கொள்ளுவார் பலர் அவருள் உண்டாகலின், அவர் நெறி முழுதும் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் எளிதிற் கிடைப்பதை எளிதென்பதனாலேயே எய்யாது விடுதல் என்னும் ஓர் உணர்ச்சி, கடல்கடந்த நாட்டிலும் வில்லோடு ஒட்டிப் பிறந்தமை கருதத்தக்கது.

இனித் திண்ணனாரிடம் மீள்வாம். வலையிட்டு வளைத்தல் மேற்கூறிய விதிக்கு மாறாயிற்றே எனின், ஆம், கன்னிவேட்டை வலைவேட்டையே, அதனைச் சேக்கிழார் மறைத்திலர். ஆயின் அவ்வேட்டையில் வீழ்ந்த எண்ணிறந்த விலங்குகளுள் ஒன்றேனும் காளத்தியப்பர் திருமுன் சென்றதில்லை. சென்றது எது? முகில்போற் கருத்து, இடிபோல் முழங்கி, விழியில் தீப்பொறி சிதற, வலைகளை அறுத்துக்கொண்டு வெளியேறிய ஒரு பன்றியே. தப்பியோடும் வழி அதற்குத் திறந்திருந்தது. ஏனைய வேடரும் நாயும் பிற்பட்டொழிய, திண்ணனார் அதன் அடிச்சுவடு பற்றித் தம் காலால் ஓடித் தொடர்ந்தார். நாணனும் காடனும் மட்டுமே பின்சென்றனர். நெடுந்தொலை ஓடி இளைத்த அது, ஒரு மலைச்சாரலில் மரநிழலை அடைந்து நின்றது.

இவ்விடத்தே ஆசிரியர் கூறும் ஒரு சொற்றொடர் மிக்க ஆராய்ச்சிக்குரியது. அதன் நிலையை அறிந்த திண்ணனார், கையிலுள்ள கணையால் அதனை அடுதலைக் கருதிற்றிலர் என்கின்றார். விரைந்து சென்று சுரிகையை உருவிக் குத்தினார் என்கின்றார். அண்மையில் நின்றமையின் வில் பயன்படாதாயிற்று எனச் சிலர் உரைப்பர். அது பொருந்தாது. பயன்படாததை ஒருவன் கருதாமையில் சிறப்பென்னை? அதனைக் கூறவேண்டுவதும் இல்லை. கணையால் அடுதல் இயலுமாயிருந்தும் அதனை நினைந்திலர் என்பதே சொல்லின் ஆற்றலாற் போந்த பொருள். ஓடி இளைத்து நின்றதைத் தான் தொலைவில் நின்று, அதன் எயிற்றுக்கு எட்டாத இடத்திலிருந்து வீழ்த்துதல் அவருக்கு உவப்பாகவில்லை. தம் உடலையும் அதன் எயிற்றுக்கு எதிரே வைத்தே அதனை அணுகினார். ஒரே குத்தில் அஃது இருதுணியாய் வீழ்ந்தமையால் நீடித்த நோவும் அதற்கு இல்லையாயிற்று. பல காதம் ஓடிவந்து எய்த்த நாணன் அதனைக் கண்டு வியந்து தலைவர் அடியில் வீழ்ந்தான். அப்பன்றியின் ஊனே பின்னர்த் தீயிற் பதஞ்செய்யப்பட்டுக் குடுமித்தேவர்க்கு முதல் அமுதாயிற்று. அந்நிவேதனத்தின் தகுதியைச் சேக்கிழார் வேட்டைப்பகுதியிலேயே அமைத்துவிட்டார் என்பது இதனால் விளங்கும். அப்பகுதியைக் கடந்து படிப்பார்க்கு இவ்வமைப்பு எங்ஙனம் விளங்கும்?

ஈண்டு ஒரு பெருந்தடை எழும். அதனை மறைத்துச் செல்லுதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. இறைவனைக் கண்டபின் திண்ணனார் விடியற்காலையில் தனிவேட்டைக்குச் சென்றதை ஆசிரியர் கூறுகின்றார். அங்கே, பழகிய குரலால் கலைமானை அழைத்து வரச்செய்து, பட்டு வீழுமாறு ஊடுருவும் அம்பு விடுத்தார் என்றும், மரையினங்களின் அடியொற்றிச் சென்று அவை துயிலும் கிடையில் எய்தார் என்றும், கடமைகளைத் தொடர்ந்து எய்தார் என்றும் காண்கின்றோம். இளைத்து நின்ற பன்றியைத் தொலைவில் நின்று எய்ய விரும்பாதவர், துயில்வனவற்றை எய்தலும், குரலால் மயக்கி எய்தலும் யாங்ஙனம் பொருந்தும்? முன்னர்க் காட்டிய வில்லறம் இறைவனைக் கண்டபின் அழிந்ததோ?

இவ்வினாவிற்கு விடை காணவேண்டின், இதுகாறும் வில்லறம் என ஒன்றாக வைத்துப் பேசியதை இரண்டாகப் பகுத்தறிதல் வேண்டும். கன்றையும் குருளையையும் கருவுற்றதையும் விடுதல் ஒன்று. இளைத்து நின்றதைத் தொலைவில் நின்று கொல்லாது எதிர்நின்று பொருதல் மற்றொன்று. முன்னது பிற உயிரின் மெலிவை நோக்கிப் பிறந்தது, ஆகலின் அருளின்பாற்படும். பின்னது தன் ஆண்மையை நோக்கிப் பிறந்தது, ஆகலின் மறத்தின்பாற்படும். மறத்தின்பாற்பட்டதும் இழிந்ததன்று, கோழைத்தனத்தினின்றும் ஒருவனைக் காப்பது அது. ஆயினும் அதன் நடுவே "யான்" என்பது நிற்கின்றது. யான் எளிதிற் கொல்வேனல்லேன், யான் மறைந்து எய்வேனல்லேன் என்னும் பெருமிதமே அதன் உயிர்.

காளத்தியப்பரைக் கண்டு தழுவியபின் அப்பெருமிதத்திற்கு இடமில்லையாயிற்று. தனித்திருக்கும் பெருமானுக்குப் பசிக்குமே என்னும் ஏக்கமன்றித் தம் வீரத்தைப் பற்றிய நினைவு திண்ணனார்க்கு அற்றது. ஊரும் தலைமையும் தந்தையும் தாயும் மறந்தவர், வேடர்க்குரிய புகழை மட்டும் நினைந்திருத்தல் எங்ஙனம்? எனவே மறத்தின்பாற்பட்ட வரம்பு தானே கழன்றது. அருளின்பாற்பட்ட வரம்போ கழன்றதாக ஆசிரியர் ஓரிடத்தும் கூறிற்றிலர். தனிவேட்டையில் வீழ்ந்தனவாக எண்ணப்படுவனவற்றுள் கன்றும் குருளையும் கருவுற்ற பிணையும் இல்லை. குரலால் அழைக்கப்பட்டதும் ஆணாகிய கலையே. அம்பும் பட்டு வீழுமாறு ஊடுருவியது என்று கூறினமையின், புண்பட்டு ஓடி நெடிது வருந்துமாறு எதனையும் விட்டாரல்லர் என்பதும் பெறப்படும். வலையும் நாயும் ஆரவாரமும் ஒழிந்தன. வேண்டிய அளவே கொண்டார்.

எனவே நெறி அழிந்ததன்று. நெறியுள் தன்முனைப்பாகிய பகுதி அன்பினால் உருகி வீழ, அருளாகிய பகுதி எஞ்சி நின்றது. தற்போதம் கழலுதலை நம் ஆசிரியர்கள் நூல்களிற் பலபடக் கூறுவர். அது கழலும்போது ஒருவன் போற்றிய நல்லொழுக்கத்தின் உள்ளே ஒளிந்துகிடந்த செருக்கும் உடன் கழலும் என்பதைச் சேக்கிழார் ஒரு வேடனின் அம்பை வைத்தே காட்டிவிட்டார்.

இவ்வாராய்ச்சியின் முடிவு அப்புராணத்தின் முடிவிலேயே உள்ளது. ஆறாம் நாள் இறைவன் திருக்கண்ணில் குருதி பெருகக் கண்ட திண்ணனார், மயங்கி வீழ்ந்து எழுந்து, வில்லும் அம்பும் கொண்டு, இது செய்தவர் வேடரோ விலங்கோ எனத் தேடிச் சென்றார். எண்ணிறந்த உயிர்களின் குருதியைக் கண்டும் கலங்காத கண் இந்தக் குருதியைப் பொறுக்கலாற்றாது அலமந்தது. காட்டில் எதிரியைக் காணாது மீண்டார். பச்சிலை மருந்து பிழிந்தார், குருதி நின்றிலது. அதன்பின் ஊனுக்கு ஊன் என்னும் பழமொழி நினைவிற்கு வர, அம்பினாலேயே தம் கண்ணை இடந்து அப்பினார் என்கின்றார் ஆசிரியர். கன்றின்மேற் செல்லாது நின்ற அம்பும், பன்றியின்மேற் செல்ல விடப்படாத அம்பும், கிடையிற் துயின்ற மரையின்மேற் சென்ற அம்பும் ஆகிய எல்லாம் இறுதியிற் சேர்ந்த இலக்கு எய்தவரின் கண்ணே. பிற உயிரின்மேல் அம்பு தொடுப்பான் ஒருவன் அதற்கு ஈடாகத் தன்னில் எதனைத் தரவல்லான் என்னும் வினாவிற்கு இதனின் மேற்பட்ட விடை எந்நாட்டு நூலிலும் யாம் கண்டிலம்.

சிவகோசரியாரது கனவில் இறைவன் உரைத்தருளியதையும் ஈண்டு நினைக. அவன் வடிவெல்லாம் நம்பால் அன்பே, அவன் அறிவெல்லாம் நம்மை அறியும் அறிவே என்னும் கருத்துப்பட அருளினானே ஒழிய, அவன் வேட்டை நன்றென்றோ ஊன் நன்றென்றோ அருளிற்றிலன். மணிவாசகப் பெருமான் திருக்கோத்தும்பியில் கண்ணப்பரை நினைந்தபோதும் தமக்கு இல்லையென இரங்கியது அவர் அன்பைப்பற்றியே. திருக்களிற்றுப்படியார் அதனை எடுத்துக்கொண்டு, அவ்வன்பு கண்ணப்பரும் காளத்தியாரும் அறிவதன்றிப் பிறர் அறியலாவதன்று என்றது. பிறர் அறியலாகாத அன்பினின்றும் ஊனை மட்டும் பிரித்தெடுத்து எமக்கும் அது ஆகுமென வழக்கிடுவார், கண்ணை இடக்கும் அம்பையும் உடன் எடுத்துக்கொள்ளல் வேண்டும். அஃது ஆற்றாதார் அவ்வழக்கையும் விடுதல் தக்கது. திண்ணனார்க்கு வேட்டை பிறப்பாலும் பிழைப்பாலும் வந்த தொழில். நமக்கோ அது தொழிலன்று; 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் நம் நாட்டில் விலக்கப்பட்டதும் ஆம். திருவள்ளுவனார் கொல்லாமைக்கும் புலான்மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்ததை இப்புராணம் ஒருபோதும் மறுத்ததன்று.

இனி, நாணிக் கடப்பார்க்கும் ஒன்று கூறுதும். வேட்டைப்பகுதியை நீக்கிவிட்டால், கன்றைக் கண்டு தாழ்ந்த வில் இல்லை. எயிற்றுக்கு எதிர்நின்ற உடல் இல்லை. அவ்விரண்டுமின்றேல் காளத்தியில் நிகழ்ந்த அன்பு வித்தின்றி முளைத்ததுபோலத் தோன்றும். முன்னைத் தவத்தின் பயன் என்பது உண்மையே. ஆயினும் அம்முன்னைத் தவம் இப்பிறப்பில் எவ்வுருக்கொண்டு திண்ணனாரிடத்து மறைந்திருந்தது என வினவுவார்க்கு, கொலைத்தொழிலின் நடுவே கொல்லாது விட்ட அந்த மூன்றையே சேக்கிழார் சுட்டுகின்றார். ஒவ்வொருவர் தொழிலிலும் பிறர்க்கு இடர்விளைக்கும் இடம் சிறிதேனும் உண்டு. அங்கே கைக்கு எட்டியும் நாம் விட்டன யாவை, விட்டது அருளாலோ செருக்காலோ எனத் தம்மைத்தாம் வினவிக்கொள்ளுதற்கு இப்பகுதியினும் சிறந்த ஆடி இல்லை. ஆகலின் அன்பர்கள் இனி இப்புராணத்தை ஓதும்போது காளத்திக்கு விரைதலை ஒழித்து, அக்காட்டினுள் சிறிது பொழுது தங்கிச் செல்வாராக.

திருச்சிற்றம்பலம்.